பட்டாளத்துப் பொட்டல் புகை

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
பேரையூர் வழி.
14.6.1978

அன்புத் தம்பி சவரியப்பனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அக்கா நலம். இருமலை மட்டும் கணக்கில் சேர்க்காதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே வெயில் எப்படி என்று எழுது.

இருமலுக்குக் காரணம் உங்கள் பட்டாளம்தான். ஊருக்கு மேற்கே மலையடிவாரம் வரை கிடக்கிற பட்டாளத்துப் பொட்டல் உனக்குத் தெரியும். போன மாதம் எங்கிருந்தோ பீரங்கிப் படை வந்து கூடாரம் அடித்துச் சுட்டுப் பழகியது. குண்டு விழுந்த இடமெல்லாம் காய்ந்த மஞ்சம்புல். சும்மா இருக்குமா, பற்றிக்கொண்டது. மேல்காற்று வேறு. பஞ்சாயத்துத் தலைவர் பேயாண்டி அண்ணனின் வைக்கோல் படப்பு பாதி போய்விட்டது. தீயாவது ஊர் எல்லையில் நின்றது. புகை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மறுபடி ஒரு தீ. கரும்பலகை தெரியாமல் பாடம் நடத்தினேன். மூன்றாம் வகுப்பில் தங்கப்பொண்ணு என்று இளைப்பு உள்ள பிள்ளை ஒருத்தி. மூச்சு இழுத்து உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் அம்மா இருளாயி தூக்கிக்கொண்டு பேரையூருக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

வருஷா வருஷம் இதே கதை. நீயும் அங்கே சுடுகிற திடலில் தீயணைக்கிற வேலைதானே பார்க்கிறாய்? புல் எரியாமல் இருக்க வழி உண்டா? பொட்டலுக்குப் புதிதாக ஒரு சுபேதார் வந்திருக்கிறாராம். போய்க் கேட்பதற்கு முன் எனக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெபத்தில் உன்னை மறவாத
அக்கா பிலோமினாள்

---

மார்பத் 56 ஏ.பி.ஓ.
6.7.1978

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருமலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். துளசிச் சாறு குடி. நான் நலம். சாப்பாட்டில் ஒரு நாள் ரொட்டியும் பருப்பும், மறுநாள் மாறுதலுக்காகப் பருப்பும் ரொட்டியும்.

புல் எரியாமல் இருக்க வழி கிடையாது, அக்கா. எப்போது எரிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம், அவ்வளவுதான். இங்கே குளிர்காலத்திலேயே திடலின் ஓரம் நெடுக அகலமான பட்டையாகப் புல்லை நாங்களே கொளுத்திவிடுவோம். இரண்டு பக்கமும் மண்ணைக் கொத்திவிட்டு, தண்ணீரும் பச்சைக் கிளைகளுமாக ஆட்கள் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக எரிப்போம். கோடையில் குண்டு விழுந்து தீ ஓடி வந்தால், எரிந்த பட்டையில் தின்ன ஒன்றும் இல்லாமல் செத்துவிடும். எரிந்த இடம் அந்தக் கோடையில் மறுபடி எரியாது. தீயில் மாட்டிக்கொண்டவன் ஓட வேண்டிய இடமும் அதுதான் என்று புதிதாக வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

விடியற்காலையில் பனி ஈரத்தோடு கொளுத்தச் சொல். தீ கைக்கு அடக்கமாக எரியும்.

சுபேதார் யார், எந்த ஊர்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி அவரை அதட்டிவிடாதே. பட்டாளத்தில் அவர் எனக்கு மேலே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி
சவரி

---

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
19.11.1978

அன்புத் தம்பி சவரிக்கு,

நல்ல மழை, நல்ல சுகம், இருமல் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும். பதில் எழுத இத்தனை மாதம் ஆனது, வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

சுபேதாரை நான் அதட்டவில்லை. முதலில் அவர்தான் ஆரம்பித்தார். "டீச்சர், புல்லக் கொளுத்துறதுக்கு நீங்க எனக்குச் சொல்லித் தரப் போறீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார். என் தம்பி சொல்லித் தரப் போறான். நான் வாசிச்சுக் காட்டப் போறேன்" என்றேன். சிரித்துவிட்டார். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன் ஊர் சம்மதிக்க வேண்டும் என்றார். அதற்காக நாலைந்து தடவை பொட்டலுக்கு நடந்தேன்.

ஊர்க்கூட்டத்தில் பேயாண்டி அண்ணன், "கோடையில வர்ற புகை பத்தாதுன்னு தையிலயும் வேற போடணுமாக்கும்" என்றார். நான் எழுந்து, இது ஒரு பொழுது வேலை, ஊருக்குள் புகை வராது, நான் பொறுப்பு என்றேன். ஒத்துக்கொண்டார்கள். அனுமதியும் வந்துவிட்டது.

நீ கேட்டாயே: பெயர் இன்பசேகரன். பழங்காநத்தத்துக்காரர். மனைவி தவறி ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை. இதெல்லாம் நான் கேட்கவில்லை. இருளாயி கேட்டுச் சொன்னாள். நம்மைப் போல வேதக்காரர்தான், ஆனால் நம் சபை இல்லை, சி.எஸ்.ஐ. பொட்டல் முகாமில் கொடுக்கிற டீயில் சீனியே இருப்பதில்லை.

ஆசீர்வாதத்துடன்
அக்கா

---

மார்பத் 56 ஏ.பி.ஓ.
13.12.1978

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நான் சுகம். குளிரில் தண்ணீர் தொடவே பயமாக இருக்கிறது. குளிப்பதைப் பற்றி நீ கேட்காதே.

நல்ல காரியம் செய்திருக்கிறாய். ஒன்று மட்டும் புரியவில்லை. புல் கொளுத்துகிற விஷயத்தில் மனைவி தவறி ஆறு வருஷம் என்பது எதற்கு வந்தது? சீனி இல்லாத டீயைக் குடிக்க நாலைந்து தடவை நடந்ததும் புரியவில்லை.

பொங்கலுக்குப் புதுச் சேலை எடுத்துக்கொள்.
சவரி

---

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
22.1.1979

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பொங்கல் கழிந்து கொளுத்தினோம், நீ சொன்னபடி விடியற்காலையில். தீ கைக்கு அடக்கமாகத்தான் எரிந்தது. புகையைப் பற்றித்தான் நீ ஒன்றும் சொல்லவில்லை. இங்கே விடியலில் மலையிலிருந்து ஒரு குளிர்காற்று தவழ்ந்து இறங்கும். புகை மேலே எழும்பவே இல்லை. ஆள் உயரத்துக்குத் தரையோடு படிந்து, வழி தெரிந்த விருந்தாளி மாதிரி நேரே தெருவுக்குள் வந்துவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. பாதிப் பட்டையோடு நிறுத்திவிட்டோம்.

அன்றைக்கென்று பேயாண்டி அண்ணன் மகள் அழகம்மாளைப் பெண் பார்க்க, கல்லுப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஊர் எரிகிறது என்று நினைத்து, இறங்காமலே அதே பஸ்ஸில் போய்விட்டார்கள். மறுநாள், சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பேயாண்டி அண்ணன் பள்ளிக்கூட வாசலில் நின்று, "கோடைப் புகை குண்டால வந்துச்சு, சரின்னு இருந்தோம். இது ஒங்களால வந்துச்சு டீச்சர்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தங்கப்பொண்ணுக்கு மறுபடி இளைப்பு. இருளாயி என் முகத்தைப் பார்க்காமல் போகிறாள்.

என்னை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மனு எழுதுகிறார்கள். எழுதுகிறவர்கள் என்னிடம் படித்தவர்கள். சந்திப்பிழை இருந்தால் அந்த அவமானமும் எனக்குத்தான்.

இனிமேல் தீயைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

பிலோமினாள்

---

மார்பத் 56 ஏ.பி.ஓ.
2.2.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து ரொட்டியும் இறங்கவில்லை, பருப்பும் இறங்கவில்லை. மற்றபடி சுகம்.

எங்கள் திடலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ஊர் கிடையாது. தீயை அணைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவோம். புகை எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. தப்பு என்னுடையது என்று ஊரில் சொல்.

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும் எழுதுகிறேன். இங்கே விவரமான ஒரு மேஜர் இருக்கிறார், அவரிடம் கேட்டேன். பெரிய தீ போடுவதற்கு முன் சின்னப் புகை போட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரு கை ஈர வைக்கோலை வெவ்வேறு வேளையில் கொளுத்து. எப்போது புகை படியாமல் நிமிர்ந்து எழுந்து, ஊரை விட்டு விலகிச் சாய்கிறதோ, அதுதான் உங்கள் ஊருக்கு நேரம். எங்கள் விடியற்காலை உங்களுக்கு ஆகாது.

பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.
சவரி

---

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
11.3.1979

அன்புத் தம்பி சவரிக்கு,

நான் சுகம். திட்டுவதற்கு நேரமில்லாமல் போய்விட்டது, அதனால்தான் தாமதம். முதலில் ரொட்டியைச் சாப்பிடு.

உன் கடிதம் வந்த அன்றே சுபேதார் சார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னோடு இருளாயி வீட்டுக்கு நடந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நின்று, "ஒங்க பிள்ளைக்கு மூச்சு முட்டுனது என்னால. மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். இருளாயி திண்ணையைத் துடைத்தாள். "ஒக்காருங்க, மோரு தாரேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அவர் சைக்கிளில் வந்துவிடுவார். மைதானத்தில் வைக்கோல் கொளுத்திப் பார்த்தோம். விடியலில் புகை ஊர்ப்பக்கம் தவழ்கிறது. வெயில் ஏறி, புல்லில் ஈரம் காய்ந்ததும் மலைக்காற்று நின்றுவிடுகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு காற்றும் இல்லை. புகை நெட்டுக்குத்தாக நிற்கும். நாங்களும் அதையே பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு கீழ்க்காற்று மெல்ல எடுக்கும். புகை மலைப்பக்கம் சாயும். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

அழகம்மாள் விஷயத்தை விட்டுவைக்க முடியுமா? பட்டாள லாரியில் பேயாண்டி அண்ணனை ஏற்றிக்கொண்டு கல்லுப்பட்டிக்கே போனோம். மாப்பிள்ளையின் அப்பா, "ஊரு எரியலேங்கிறீங்க. அப்ப அம்புட்டுப் புகை எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"எங்கிட்டயிருந்துதான்யா. நான்தான் போட்டேன்" என்றார் சுபேதார் சார். "பொண்ணு மேல குத்தமில்ல, சகுனத்து மேலயும் குத்தமில்ல. நான் நேரம் பாக்காமப் பத்த வச்சுட்டேன்."

மீசையும் சீருடையுமாக ஒருவர் வந்து இப்படி ஒப்புக்கொண்டதில் அந்த மனிதர் குளிர்ந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பெண்ணைப் பார்த்தார்கள். சித்திரையில் கல்யாணம்.

அதற்குப் பிறகுதான் மிச்சப் பட்டையைக் கொளுத்தினோம். கீழ்க்காற்று எடுத்த பிறகு. புகை எழும்பி மலையைப் பார்க்கப் போய்விட்டது. ஊருக்குள் ஒரு தும்மல் இல்லை. பேயாண்டி அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அத இருளாயி அடுப்புப் பத்தவைக்க வாங்கிட்டுப் போயிட்டா" என்றார்.

காற்றுப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. கோடையில் எப்படி மாறுகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

ஆசீர்வாதத்துடன்
அக்கா

---

மார்பத் 56 ஏ.பி.ஓ.
27.3.1979

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ரொட்டி நன்றாக இறங்குகிறது.

கொளுத்த வேண்டியதெல்லாம் கொளுத்தியாகிவிட்டது. இன்னும் எதற்கு நீங்கள் இருவரும் தினமும் வைக்கோல் கொளுத்துகிறீர்கள்? இந்த வருஷம் ஊர் மாட்டுக்கு வைக்கோல் மிஞ்சுமா?

விளையாட்டை விடு. அம்மா அப்பா போன பிறகு உனக்கு வந்த வரன்களையெல்லாம், தம்பி படிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் படித்தும் முடித்தேன், பட்டாளத்துக்கு வந்தும் இத்தனை வருஷம் ஆகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த சுபேதாரை உனக்குப் பிடித்திருக்கிறதா?

பதிலை எதிர்பார்க்கும்
சவரி

---

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
20.5.1979

அன்புத் தம்பி சவரிக்கு,

நலம். ஏப்ரலில் எழுதவில்லை, பரீட்சை, அழகம்மாள் கல்யாணம் என்று ஓடிவிட்டது. கல்யாணத்தில் உன் பங்குக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

போன வாரம் பீரங்கிப் படை வந்தது. எதிர்பார்த்தபடியே மூன்றாம் நாள் பொட்டலின் நடுவில் தீ. மேல்காற்று பேய் மாதிரி அடித்தது. தீ ஊரைப் பார்த்து ஓடி வந்தது. ஆனால் இந்தத் தடவை நாங்கள் தயாராக இருந்தோம். பள்ளிக்கூட மணியை அடித்ததும், இளைப்பு உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வடக்கே ஊருணித் தோப்புக்குப் போய்விட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மேல்காற்றில் புகை அந்தப் பக்கம் போவதில்லை. அதையும் வைக்கோல் கொளுத்தித்தான் கண்டுபிடித்தோம். தங்கப்பொண்ணு தோப்பில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள்.

தீ நம் கரும்பட்டை வரைக்கும் வந்தது. வந்து, ஓரத்தில் கொஞ்ச தூரம் இப்படியும் அப்படியும் ஓடிப் பார்த்தது. பிறகு அடங்கிவிட்டது. ஒரு கூரைக்கும் ஒரு படப்புக்கும் சேதமில்லை. பேயாண்டி அண்ணன் பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். இருளாயியின் ஆடுகள் பொட்டலுக்குள் போய்விட்டன, அவையும் பத்திரமாக வந்துவிட்டன.

உன் கடிதத்தில் இருந்த மற்ற விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஆசீர்வாதத்துடன்
அக்கா

---

பேரையூர் முகாம்,
3.6.1979

ஹவில்தார் சவரியப்பன் அவர்களுக்கு,

சுபேதார் இன்பசேகரன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம். நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கடிதம் ஒன்றை வாசித்துத்தான் நான் இந்த ஊரில் வேலையைத் தொடங்கினேன்.

தீயைப் பற்றி உங்கள் அக்கா எழுதியிருப்பார். எல்லாவற்றையும் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மணி அடித்த பிறகு தோப்பில் இருளாயியை மட்டும் காணோம். ஆடுகளைத் தேடி வேலியைத் தாண்டிப் போய்விட்டார். உங்கள் அக்கா யாரிடமும் சொல்லாமல் பின்னாலேயே போயிருக்கிறார். நான் தகவல் தெரிந்து ஓடியபோது முன்னால் ஒரே புகை. கூப்பிட்டேன், பதில் இல்லை. அந்த நேரத்தில் நான் செய்த ஜெபம் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

புகை ஒரு வீச்சு விலகியபோது பார்த்தேன். கரும்பட்டையின் நடுவில், ஒரு கையில் இருளாயி, மறு கையில் ஆட்டுக்குட்டி, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறார். தீ அவருக்கு முன்னால் வந்து செத்தது. பக்கத்தில் போனேன். "எரிஞ்ச எடத்துல நிக்கணும்னு தம்பி எழுதியிருந்தான் சார்" என்றார். ஆட்டுக்குட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு முடிவு செய்ததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் அக்காவை மணந்துகொள்ள விரும்புகிறேன். எனக்கு வயது நாற்பத்திரண்டு. சபை வேறு என்பது தெரியும். அவருடைய கோவிலில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். பெற்றோர் இல்லாத வீட்டில் உங்களைத்தான் கேட்க வேண்டும்.

இது சுபேதார் என்ற முறையில் கொடுக்கும் உத்தரவு அல்ல. முடியாது என்று எழுதினாலும் உங்கள் சர்வீஸுக்கு என்னால் ஒரு பாதகமும் வராது.

இப்படிக்கு
இன்பசேகரன்

---

மார்பத் 56 ஏ.பி.ஓ.
14.6.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இல்லை. தீயைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய். இருளாயியின் ஆடு பத்திரம் என்றுகூட எழுதினாய். அதைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ என்று எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா? சுபேதார் சாப் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? இன்னொரு தடவை இப்படிச் செய்தால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

சாப் உன்னை என்னிடம் பெண் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்க என்ன இருக்கிறது, அக்காவைக் கேளுங்கள் சாப் என்று இன்றே எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் கேட்டிருப்பார். நீ என்ன சொன்னாய் என்று உடனே எழுது. இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல் எழுது.

ஒரே ஒரு சந்தேகம். அவரைப் பார்த்தால் நான் சல்யூட் அடிப்பதா, அத்தான் என்று கூப்பிடுவதா?

சவரி

---

வெள்ளைக்கரட்டுப்பட்டி,
15.7.1979

அன்புத் தம்பி சவரிக்கு,

அக்கா நலம். நிஜமாகவே நலம். நீ கோபம் தணிந்து நலமாக இருக்க வேண்டும்.

மறைக்காமல் எழுதுகிறேன். பட்டையின் மேல் நின்றபோது பயந்துதான் போனேன். உன்னைத்தான் நினைத்தேன். எழுதினால் உனக்கு அங்கே தூக்கம் வராது என்று விட்டுவிட்டேன். தப்புதான்.

உன் கடிதம் வந்த அன்றே அவர் வந்தார். சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு. கேட்டார். நான் உடனே சரி சொல்லவில்லை. அவருக்கு வடக்கே மாறுதல் உத்தரவு வந்திருப்பது எனக்குத் தெரியும். "ஸ்கூல விட்டுட்டு நான் வரமாட்டேன் சார். இந்த ஊருல இப்பத்தான் காத்து எப்ப எங்கிட்டு அடிக்கும்னு தெரிஞ்சிருக்கு. அடுத்த தையில கொளுத்துறப்ப ஊருப்பக்கம் நின்னு சொல்றதுக்கு ஆளு வேணும்" என்றேன்.

"நான் வரச் சொல்லலியே. லீவுக்கு லீவு நான் வாரேன். மூணு வருஷத்துல பென்சன் வாங்கிட்டு ஒரேயடியா வந்துர்றேன். அதுவரைக்கும் கடுதாசி போடுவீங்கள்ல?" என்றார்.

"தம்பிக்குப் போடுறப்ப ஒங்களுக்கும் சேத்துப் போடுறேன்" என்றேன். சம்மதம் என்று அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவருக்குப் புரிந்தது.

ஃபாதர் ஆயரிடம் அனுமதி வாங்கிக்கொடுத்துவிட்டார். செப்டம்பரில் சுபேதார் சாருக்கு லீவு, அப்போது கல்யாணம். நீயும் இன்றே லீவுக்கு எழுதிப்போடு. கோவிலில் சல்யூட் வேண்டாம், அத்தான் என்றே கூப்பிடு என்று அவரே சொல்லச் சொன்னார்.

நேற்று அவர் பஸ் ஏறினார். ஊரே வந்து நின்றது. பேயாண்டி அண்ணன் மாலை போட்டார். தங்கப்பொண்ணு கொய்யாப்பழம் கொடுத்தாள். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் இருந்த இருளாயி, "என்ன டீச்சர், கண்ணு இப்புடிக் கலங்கிக் கெடக்கு. இன்னிக்கு எங்கிட்டும் புகையக் காணோமே" என்றாள்.

காரணம் சொல்ல ஒரு புகையும் இல்லாததால், உண்மையையே சொல்லிவிட்டேன். பஸ் நிற்கிற ஊர்மந்தை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீக்கிரம் வா.

உன் அக்கா
பிலோமினாள்